கைக்குட்டை கட்டினால் பெண்

சான் எலிசியோ ஊரில் ஜோடி ஆட்டம் என்றால் பெண்கள் ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். மாடோட்டிகளோ கொட்டகை கொள்ளாது. அதனால் மீசை முளைக்காதவன் எவனையாவது பிடித்துக் கையில் கைக்குட்டை கட்டிவிடுவார்கள். அது இருக்கும்வரை அவன் பெண். மரியாதையாகத்தான் பேச வேண்டும். அடித்தால், அடித்தவனைக் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியில் முக்குவார்கள்.

அன்று மத்தியானம் அந்தக் கைக்குட்டை ஆர்ஃபா ஹேடனின் கையில் ஏறியது. அவள் பெண்தான் என்பது கட்டியவர்களுக்குத் தெரியாது. பண்ணைக்காரன் பிளங்கெட்டின் வண்டிகளை வழிமறிக்கும் முகமூடிப் பையனை ஊரே தேடியது. அது அவள்தான் என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

பிளங்கெட்தான் ஹேடன் வீட்டை எரித்து, அவர்களுடைய ஊற்றை வளைத்து வேலி போட்டவன். இடி விழுந்து எரிந்தது என்று ஊரை நம்பவைத்தான். வீடிழந்த அப்பா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அவள் முறையிடப் போனபோது ஷெரீஃப் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வீட்டில் ஆம்பளை இருந்தால் அனுப்பு என்றார். அனுப்பினாள். முடியை வெட்டி, கால்சட்டை மாட்டி, தன்னையே.

இன்று பிளங்கெட்டைச் சுட வந்திருந்தாள். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் வழக்கப்படி துப்பாக்கியை வாசலில் மாட்டினாள். இன்னொன்று பூட்ஸுக்குள் இருந்தது.

முதலில் டோபி என்ற மாடோட்டி அவளோடு ஆடினான். "நல்லாத்தான் ஆடுறீங்கம்மா. காலுதான் மாட்டுக் காலு" என்றான். சிரிக்கக் கூடாது என்று வந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

அப்புறம் பிளங்கெட்டே வந்து இடுப்பை வளைத்தான். "வாடி என் ராசாத்தி." கொட்டகை அதிர்ந்தது.

சாகும் முன் அவன் வாயால் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு வெறி. பண்ணையில் வேலை கேட்கும் பையன்போல் அவனைப் புகழ்ந்தாள். அவனும் உப்பிக்கொண்டே போனான். பிடில்காரர் பாட்டை முடித்து வில்லைத் தூக்கப்போகும் நேரம் பார்த்து, ஹேடன் வீட்டில் தீ எப்படிப் பிடித்தது என்று கேட்டாள். இசையை மீறி அவன் கத்தினான். அதற்குள் இசை நின்றுவிட்டது.

"இடியாவது மண்ணாவது. நாந்தான் வச்சேன்."

கூட்டம் அவனை முறைத்தது. தான் உளறியது உறைத்ததும் ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தான்.

தீ வைத்ததற்கு முறைத்துக்கொண்டு மட்டும் நின்ற கூட்டம், கைக்குட்டை கட்டியவளை அடித்ததற்குப் பாய்ந்தது. நிஜப் பெண்ணுக்காக இந்த ஊரில் ஒருவனும் எழுந்ததில்லை. நாலு பேர் பிளங்கெட்டைத் தூக்கிப்போய்த் தொட்டியில் முக்கினார்கள்.

மீசையில் பாசி தொங்க எழுந்தவனுக்கு நேராக, அவள் பூட்ஸிலிருந்து உருவிய துப்பாக்கி நின்றது.

"தம்பி, கீழ போடு" என்றார் கூட்டத்தோடு வந்திருந்த ஷெரீஃப்.

"தம்பி இல்ல. ஹேடன் மக. ஆம்பளைய அனுப்பச் சொன்னீங்களே."

அவர் முகம் செத்துப்போனது. டோபிதான் முதலில் வாய் திறந்தான். "அப்ப நெசமாவே பொம்பளகூடவா ஆடுனேன்? எங்கம்மா நம்பவே மாட்டாங்களே."

கொட்டகையே வெடித்துச் சிரித்தது. பிளங்கெட் மட்டும் கூனிக் குறுகி நின்றான். சுட்டால் நாளைக்கு இவனுக்கு அழ நாலு பேர் வருவார்கள். விட்டால் சாகும்வரை சிரிப்பார்கள். அவள் துப்பாக்கியைத் தாழ்த்தினாள்.

ஷெரீஃப் பிளங்கெட்டுக்கு விலங்கு மாட்டினார். இவள்தானே அந்த முகமூடி, வண்டிக் கொள்ளை என்ன ஆச்சு என்று அவன் அலறினான்.

"எனக்கு வந்த உத்தரவு ஒரு பையனப் புடிக்க. இங்க பையனக் காணோம்" என்றார் ஷெரீஃப்.

பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அது இருக்கட்டும், ஊற்று வேலியைப் பிடுங்க ஆள் அனுப்புங்கள் என்றாள். அவர் கூப்பிடுவதற்குள் பாதிக் கொட்டகை குதிரை ஏறிவிட்டது.