அச்சியா ஏறினால் நின்றுபோகும் ஏசி

ஒடுரோ சாரின் சாம்பல் நிறக் கார் அந்த வாரத்தில் மூன்றாம் முறையாக என் கொட்டகை முன்னால் வந்து நின்றபோது, கையிலிருந்த மீட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது எனக்கு.

கானா நாட்டுக் குமாசியில், சுவாமே மேகசின் என்கிற பட்டறைப் பேட்டையில், பதினாறு வருடமாகக் கார்களுக்கு மின்சார வேலை பார்க்கிறேன். கருகிய ஒயரைக் கண்டுபிடித்துவிடலாம். அறுந்துபோன ஒயரையும் கண்டுபிடித்துவிடலாம். என் கண்ணெதிரே ஒழுங்காக ஓடிவிட்டு, தெருமுனை தாண்டியதும் நின்றுபோகிற வண்டியை என்ன செய்வது?

அந்தக் காரின் கோளாறு அதுதான். ஏசி கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். திடீரென்று, டாஷ்போர்டில் ஏசி பொத்தான்கள் இருக்கும் பேனலின் விளக்கு அணைந்து குளிர்காற்று நின்றுவிடும். சில சமயம் தானாகவே திரும்பி வரும். என்னிடம் வருவதற்கு முன்பே பக்கத்துப் பட்டறை போவாச்சி கம்ப்ரஸரை மாற்றியிருந்தார். இன்னொருவர் ப்ளோயர் மோட்டாரை மாற்றினார். மூன்றாமவர் உடைத்துப்போட்ட பழைய வண்டி ஒன்றிலிருந்து பேனலையே கழற்றிவந்து பொருத்தினார். கோளாறு போகவில்லை.

திங்கட்கிழமை ஃப்யூஸ், ரிலே, ஒயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. டாஃபோ வரை ஓட்டிப் போய்த் திரும்பினேன். குளிரில் கைகள் விறைத்துவிட்டன. வண்டியைக் கொடுத்தனுப்பினேன். செவ்வாய் சாயங்காலம் சார் போன் செய்தார்: குரோனுமில் நின்றுவிட்டது. புதன்கிழமை டாஷ்போர்டைக் கழற்றி, ஒவ்வொரு இணைப்பையும் ஆட்டிப் பார்த்தேன். சூட்டினால் நிற்கிறதோ என்று, தலைமுடி உலர்த்தும் மெஷினை வைத்துப் பேனலைச் சூடாக்கியும் பார்த்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பக் கொடுத்தேன். இதோ வியாழன் மத்தியானம், மறுபடியும் வாசலில்.

"இன்ஸ்பெக்டர் வந்தா மட்டும் கை கட்டி உக்கார்ற பையன் மாதிரி, இது உன்கிட்ட மட்டும் ஒழுங்கா ஓடுது. எனக்குன்னு வந்தா நின்னுடுது" என்றார் சார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

போவாச்சி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். "டுஃபியே, மூணு நாளா ஒயரைப் புடிச்சுத் தொங்கிட்டு இருக்கே. கம்ப்ரஸர்தான்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"அதை மாத்தினதே நீங்கதானே அண்ணே!"

"அப்ப இன்னொரு தடவை மாத்து."

இந்த முறை சார் தனியாக வரவில்லை. அவர் மனைவி அச்சியா, எங்கள் ஊர்க் கார்களில் வலப்புறம் இருக்கும் பக்கத்து இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினார். கழுத்தில் ஈரத்துண்டு, மணிக்கட்டு வரை மூடிய சட்டை. மூன்று வருடம் முன்பு எரிவாயு சிலிண்டர் வெடித்ததில் உடம்பில் பாதி வெந்துபோனவர். வெந்து ஆறிய தோலில் வியர்வை வராது. உள்ளே ஏறிய சூடு வெளியே போக வழியில்லாமல், வெயிலில் அரைமணி நேரம் இருந்தாலே தலை சுற்றி வாந்தி வந்துவிடும். ஏசி இல்லாமல் பகலில் எங்கேயும் போக முடியாது. நாற்காலி போட்டு மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"சனிக்கிழமை டெச்சிமான்ல எங்க அண்ணனுக்கு இறுதிச் சடங்கு" என்றார். எங்கள் பக்கம் இறந்து பல வாரம் கழித்துத்தான் அதை நடத்துவார்கள். "செத்த ஒரு வாரத்துல வெச்ச சடங்குக்கே போக முடியல. வழியில ஒஃபின்சோ வரைக்கும் போய்ட்டு, ஏசி நின்னு, மயங்கி விழுந்து திரும்பினோம். மூஞ்சியக் காட்டக் கூச்சப்பட்டுட்டு வரலேன்னு சொந்தக்காரங்க பேசறாங்க. எனக்குக் கூடப் பொறந்தவரு அவரு ஒருத்தர்தான்."

பானட்டைத் திறக்க எழுந்தேன்.

"அங்க என்னத்தைப் பார்க்கப் போறே?" என்றார் அவர். "நான் ஏறினாத்தான் அது நிக்குது."

"அச்சியா, ஆரம்பிச்சிடாதே" என்றார் சார். "காருக்கு யாரு ஏறினாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதை இவகிட்டக் கேளுங்க. இவளுக்குத்தானே காரு தெரியும்."

முகம் சுட்டது எனக்கு. திங்கட்கிழமை சாவியைக் கொடுக்கும்போது, தன் மனைவி ஏறினால்தான் நிற்கிறதாம் என்று சார் சொல்லிச் சிரித்தார், கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன். அதுவரை தனியாகத்தான் ஓட்டிப் பார்த்திருந்தேன். பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

"அக்கா, வந்து உக்காருங்க" என்றேன்.

பேனலின் எர்த் கம்பியில் மீட்டரின் ஒரு முனை, பேட்டரியின் மைனஸில் இன்னொரு முனை. எர்த் சரியாக இருந்தால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். இன்ஜினை ஓடவிட்டேன். பூஜ்யம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பூஜ்யம்தான். குளிர்காற்று குறையாமல் வீசிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார் சார் மனைவியிடம்.

அச்சியா உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. மீட்டரைப் பிடுங்கலாம் என்று குனிந்தபோதுதான் கவனித்தேன்: அவர் கதவைத் திறந்து வைத்து, கால்கள் இரண்டையும் வெளியே விட்டுப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா?"

"இல்லம்மா. கீழே உன் ஒயரெல்லாம் கிடக்கு, மிதிச்சிடுவேனோன்னு. இந்தக் கால் சரியா மடங்காது. எப்பவும் நீட்டி அந்த மூலையில முட்டுக் குடுத்துக்குவேன்."

"மிதிச்சா மிதிபடட்டும். வீட்டிலேர்ந்து எப்படி வருவீங்களோ அப்படியே உக்காருங்க."

உள்ளே திரும்பி, வலது காலை நீட்டி, குதிகாலைக் கதவோரத்து மூலையில் அழுத்தினார். பேனல் அணைந்தது. மீட்டர் ஆறு வோல்ட் காட்டியது.

"காலை எடுங்க."

விளக்கு வந்தது.

"அழுத்துங்க."

அணைந்தது.

போவாச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் பட்டறைக்கு நடந்தார்.

அந்த மூலையின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். போன வருடம் அந்தப் பக்கக் கதவில் ஒரு வேன் இடித்து, எங்கேயோ டிங்கர் வேலை செய்திருக்கிறார்கள். எர்த் கம்பியைப் புதுப் பெயின்டின் மேலேயே வைத்து, போல்ட்டை அரைகுறையாக முடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரத்தில் ஒட்டியும் ஒட்டாமலும் சமாளித்து ஓடியிருக்கிறது; போல்ட் தளரத் தளரக் கோளாறு தொடங்கியிருக்கிறது. குதிகால் மூடியை அழுத்தும், மூடி ஒயர்க்கட்டைத் தள்ளும், கம்பியின் முனை போல்ட்டடியில் தூக்கிக்கொள்ளும். அவ்வளவுதான் கோளாறு. கம்ப்ரஸரிலும் இல்லை, மோட்டாரிலும் இல்லை, பேனலிலும் இல்லை.

பெயின்டை உப்புத்தாளால் தகரம் தெரியும்வரை தேய்த்தேன். கம்பிக்குப் புது முனை போட்டு, பல் வாஷர் வைத்து இறுக்கி, ஈரம் ஏறாமல் கிரீஸ் தடவினேன். இருபது நிமிட வேலை.

"அப்பாடா!" என்று சார் கைகளைத் தட்டினார். "முடிஞ்சுது. வா, போகலாம்."

அச்சியா இருக்கையை விட்டு அசையவில்லை.

"நாலு மாசமாச் சொன்னேன்" என்றார். குரல் உயரவேயில்லை. "கம்ப்ரஸர் வாங்கினீங்க. மோட்டார் வாங்கினீங்க. பேனல் வாங்கினீங்க. எல்லாரையும் கேட்டீங்க. ஒரு நாளாவது, எப்படி நிக்குதுன்னு உக்காந்து காட்டுன்னு என்னைக் கேட்டீங்களா?"

சார் திறந்திருந்த கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வெந்துபோனவ பக்கத்துல உக்காந்தா காருக்கே புடிக்கல போலிருக்குன்னு ராத்திரியெல்லாம் நினைச்சுட்டுக் கிடந்தேன். உங்களுக்கு அது அபத்தம்."

நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றேன். என்னையும் சேர்த்துத்தான் அது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, நீ ஓட்டு. ஒஃபின்சோ வரைக்கும். இவரு இங்க இருக்கட்டும்."

சார் அச்சியா உட்கார்ந்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் கிளம்பினோம். அச்சியாவின் குதிகால் மூலையிலேயே இருந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே ஓங்கி அழுத்தினார். நான் சாலையைப் பாதியும் பேனலைப் பாதியுமாகப் பார்த்து ஓட்டினேன். விளக்கு அசையவில்லை.

"அக்கா, திங்கட்கிழமையே சார் சொன்னார். நானும் சிரிச்சிட்டேன்."

"தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னார், ஒயர்க்காரம்மாவே சிரிக்கிறான்னு."

ஒஃபின்சோ சந்தை முன்னால் வண்டியைத் திருப்பும்போது அவர் கழுத்துத் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் குறைச்சு வை. குளிருது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது அச்சியாவின் போன் வந்தது. சனிக்கிழமை டெச்சிமானுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்து, சூடு தாங்க முடியாதபோது காரில் ஏறி ஆறிவிட்டு, மறுபடி இறங்கி, இப்படியே மூன்று முறை. முகத்தை மூடவில்லையாம். அத்தை ஒருத்தி கட்டிப்பிடித்து அழுதாளாம், இன்னொருத்தி முறைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டாளாம்.

"சார் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"மூணு நாளா ரொம்ப மரியாதை. எதைச் சொன்னாலும் சரிங்கிறார். அதுவும் எரிச்சலாத்தான் இருக்கு" என்றார் அச்சியா.