உப்பும் மிளகும் போட்ட கரிமீன்

ஐம்பத்து மூன்றாம் வருஷம். கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்றைக்குத்தான், ரயில்வேயில் வேலை பார்க்கும் தாவீது கொல்லத்திலிருந்து இரண்டு கரிமீன்களை மண்ணெண்ணெய்த் தகரத்தில் உயிரோடு கொண்டுவந்து இறக்கினான்.

"வே இசக்கி, காயல் மீனு. குழம்பு வச்சா தெருவே மணக்கும்."

"கொடியேறியாச்சே. பன்னெண்டு நாளைக்கு நம்ம வீட்ல கவுச்சி கிடையாதுவே" என்றான் இசக்கிப்பாண்டி. சாமிப் படங்களுக்குக் கண்ணாடி போடுவது அவன் தொழில். ஐந்து கண்ணாடிகளை வெட்டி, தகரச் சட்டம் அடித்து, இடுக்கெல்லாம் மக்குப் பூசிப் பெட்டி செய்தான். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மீன்களை விட்டான்.

அவன் மனைவி மாரித்தாய் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஒரு சாண் பச்சைப் பட்டு. அதில் முத்து முத்தாகப் புள்ளி.

"இதைப் போயி குழம்பு வைப்பாகளா?"

"பின்ன, பூ வச்சுத் தபசு பாக்கக் கூட்டிட்டுப் போவாகளாக்கும்?"

மாரித்தாய் விடவில்லை. கடைசியில் ஓர் ஒப்பந்தம். தபசுக்கு மறுநாள் மீன் அவன் கண் முன்னால் ஒரு வாய் தின்றால் பிழைத்தது, இல்லையென்றால் சட்டி.

இத்தனை பெரிய மீன் புழு பூச்சிதான் தின்னும் என்று அவள் முடிவு கட்டினாள். மண்புழு போட்டாள், ஈ அடித்துப் போட்டாள். மீன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நாளாக ஆக நிறம் மங்கி மூலையில் ஒதுங்கின.

மீனின் எடைக்கு எடை உப்பும் ஒரு கை மிளகும் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். தபசன்று கோயில் தெப்பக்குளத்தில் போடப் போனால், கூட்டம் அவளைத் தூக்கி வேறு வீதியில் இறக்கியது. மூன்று தடவை போனாள். மூன்று தடவையும் அதே கதை. வீட்டுக்கு வந்து, "எல்லாத் தண்ணியும் ஒந் தண்ணிதானே தாயி" என்று கண்ணாடிப் பெட்டியிலேயே கொட்டிவிட்டாள்.

விடிந்து பார்த்தால் மீன்கள் பளபளவென்று பெட்டியைச் சுற்றி வருகின்றன. ஆனால் தின்னவில்லையே. அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது வாசலில் இரண்டு ஆம்பிளைச் சிரிப்பு கேட்டது. பதறிப்போய், முறத்துக் கீரை முழுவதையும் பெட்டிக்குள் கவிழ்த்து மீன்களை மறைத்தாள்.

இசக்கிப்பாண்டி புது மண்சட்டியோடு வந்து நின்றான். பின்னால் தாவீது.

"மீனு எங்கட்டி?"

"தபசு பாக்கப் போயிருக்கும்."

இசக்கிப்பாண்டி மிதந்த மிளகைப் பார்த்தான். தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தான். "தாவீது, உப்பு போட்டுட்டா, மிளகு போட்டுட்டா, கீரையும் போட்டுட்டா. அடுப்பு ஒண்ணுதான்வே பாக்கி."

"உப்பா?" தாவீது விழுந்து விழுந்து சிரித்தான். "காயல் மீனுக்கு உப்புத்தண்ணிதான் உசுரு. சொல்ல மறந்துட்டேன், தங்கச்சி."

அப்போது கீரை அசைந்தது. ஓர் இலை உள்ளே போயிற்று. பிறகு இன்னொன்று. மீன்கள் தங்கள் மறைப்பையே தின்றுகொண்டிருந்தன. கீரையில் விழுந்த ஓட்டை வழியாக ஒரு பச்சை முகம் எட்டிப் பார்த்தது.

"ஆடு மாதிரில்லா மேயுது" என்றான் இசக்கிப்பாண்டி. சட்டியைக் கவிழ்த்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். சிரித்தால் அவன் மீசை வலப்பக்கம் மட்டும்தான் ஏறும்; அன்று இரண்டு பக்கமும் ஏறியது.

மத்தியானத்துக்கு அகத்திக்கீரைக் குழம்பு என்று சொல்லியிருந்தாள். கீரை மீனுக்குப் போயிற்று. வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டு மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.