சீர் மீன்

மீன் வந்திருப்பது மனைவி தமாயோவின் குரலிலேயே யசுஜிக்குத் தெரிந்துவிட்டது. "சம்பந்தி வந்திருக்காரு" என்று வாசலிலிருந்து அவள் சொன்னபோது, அதில் வரவேற்பும் இல்லை, விரட்டலும் இல்லை. நெருப்பை இடுக்கியால் எடுப்பவளின் ஜாக்கிரதைதான் இருந்தது. யசுஜி எழுந்திருக்கவில்லை. மண்ணெண்ணெய் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தவர் அப்படியே கழுத்தை மட்டும் திருப்பினார். இசாவோ செருப்பு விடும் இடத்திலேயே நின்றான். மேலே ஏறவில்லை. தோளில் ஆலங்கட்டி நீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் சிவப்பும் வெள்ளையுமாகக் கயிறு கட்டிய மரப்பெட்டி.

"சீர் கொண்டாந்திருக்கேன், சம்பந்தி. கொறையிருந்தா சொல்லிருங்க."

இசாவோ பெட்டியைக் கீழே வைத்தான். உள்ளே சமையலறை வாசலில் நின்ற தன் மகள் கொஹாருவை ஒரு தடவை பார்த்தான். டீ கொண்டு வருகிறேன் என்று தமாயோ சொல்லி முடிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

பெட்டியைத் திறந்தால் மஞ்சள்வால் பாரை, கை நீளத்துக்கு. வயிறு கொழுத்து, முதுகு கருநீலமாக, கண் இன்னும் தெளிவாக இருந்தது. வாயோரத்தில் தூண்டில் முள் கிழித்த காயம். அதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். யசுஜி மூக்கைப் பார்த்தார். மூக்கு நுனியில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. வலைக்கண்ணில் ராத்திரி முழுக்க முட்டிய மீனுக்குத்தான் மூக்கு அப்படி ஆகும். நாற்பது வருஷமாக, கடலில் நிலையாகக் கட்டிவைக்கிற நிலைவலையில் நிற்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் அவருடைய வலையின் மடிப்பையில் கிடந்த மீன், மத்தியானம் அவருடைய வீட்டுக்கே சீராக வந்திருக்கிறது.

இந்தக் கரையில் கல்யாணமான முதல் குளிர்காலத்தில் பெண்வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பாரை அனுப்ப வேண்டும். மீன் எவ்வளவு பெரிதோ மரியாதையும் அவ்வளவு பெரிது. மாப்பிள்ளை வீட்டார் அதை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை அதே பெட்டியில் திருப்பி அனுப்ப வேண்டும். கொண்டுபோவது புதுப்பெண். படகுத்துறை ஓரமாக அவள் பெட்டியோடு நடந்து போவதை ஊரே பார்க்கும். பார்ப்பதற்கென்றே வேலையை விட்டுவிட்டு நிற்பவர்களும் உண்டு.

யசுஜியின் மகன் கசுயாவுக்கும் இசாவோவின் மகள் கொஹாருவுக்கும் செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. அதுவரைக்கும் யசுஜியும் இசாவோவும் வாடா போடா என்று பேசிக்கொண்டவர்கள், ஒரே பள்ளிக்கூடம். யசுஜி வலைக்காரர்களின் தலைவர், தண்டல். இசாவோ தூண்டில்காரன், சொந்தப் படகில் ஒற்றை ஆளாகச் சூரை பிடிப்பவன். கல்யாணத்தன்று இருவரும் குடித்துவிட்டு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து பாடினார்கள். மறுநாளிலிருந்து சம்பந்தி, வாங்க, போங்க. அந்த மரியாதை வந்த மறுமாதமே சண்டையும் வந்தது. வாடா போடாவில் ஆயிரம் திட்டலாம், மறுநாள் மறந்துவிடும். வாங்க போங்கவில் திட்டினால் அது ஆறாது.

சண்டைக்குக் காரணம் சூரைக்குட்டிகள். அந்த மீனுக்கு ஊரும் கிடையாது, நாடும் கிடையாது. தெற்கே வெந்நீர்க் கடலில் பிறந்து, இந்தக் கரையை உரசிக்கொண்டு வடக்கே போய், பெருங்கடலைத் தாண்டி அமெரிக்கக் கரை வரைக்கும் போய்த் திரும்புகிறது. எல்லாரும் அள்ளி அள்ளி ஒரு காலத்தில் அது அற்றுப்போகிற நிலைக்கு வந்தது. அப்புறம் நாடுகள் கூடி உட்கார்ந்து ஒதுக்கீடு போட்டார்கள். நாட்டுக்கு இவ்வளவு, மாகாணத்துக்கு இவ்வளவு, இந்த ஊருக்கு இவ்வளவு. சும்மா சொல்லக்கூடாது, திட்டம் பலித்தது. மீன் திரும்பி வந்தது. வந்த வேகத்துக்கு ஒதுக்கீடு ஏறவில்லை என்பதுதான் வினை. தூண்டில்காரன் தன் பங்கு முடிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். நிலைவலை கடலுக்குள் நிற்கிற வீடு. யார் வருகிறார்கள் என்று அது கேட்பதில்லை.

அக்டோபரில் ஒருநாள் காலையில் வலைக்குள் கானாங்கெளுத்தியும் சூரைக்குட்டியும் ஒன்றாக வந்து நிறைந்தன. வலை மடியை இறக்கி எல்லாவற்றையும் விட்டிருக்க வேண்டும். கோடைப் புயலில் வலை கிழிந்து, இரண்டு மாதம் கரையில் உட்கார்ந்து தைத்து, மறுபடி போட்ட வலையில் விழுந்த முதல் மீன்பாடு அது. யசுஜி விடவில்லை. கரையேற்றினார். ஊரின் பங்கு அந்த ஒரு காலையில் முடிந்து, பல மடங்கு மேலேயும் போனது.

மீனவர் சங்கத்துக்கு அரசு அதிகாரி வந்தார். பொறுமையான ஆள், குரலே உயரவில்லை. மிஞ்சியதை அடுத்த வருஷங்களின் பங்கில் கழிப்போம், அதுவரை இந்த ஊரில் சூரைக்குத் தடை, வலைக்கும் சரி தூண்டிலுக்கும் சரி என்றார். குளிர்காலத்தில் கொழுத்த சூரை கரையோரமாகப் போகும். அதை நம்பித்தான் தூண்டில்காரர்களின் வருஷமே ஓடுகிறது. அவர்கள் ஒரு குட்டியைக்கூடத் தொட்டவர்களில்லை. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இசாவோ எல்லார் காதிலும் விழும்படி, "தின்னது ஒருத்தன், கை கழுவுறது நாங்களா?" என்று கேட்டான். யசுஜி திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பதில் இல்லாத கோபம்தான் கெட்ட கோபம்.

அப்புறம் டிசம்பர் வந்தது. நேற்று ராத்திரி இடி இடித்தது. குளிர்காலத்து முதல் இடி பாரையை எழுப்பிவிடும் என்பார்கள் இந்தப் பக்கம். இரண்டு குளிர்காலமாகப் பாரை வரவில்லை. இந்த வருஷமும் வராவிட்டால் வசந்தத்தில் வலையை இறக்கப்போவதில்லை என்று வலைச் சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஒன்பது பேருக்கு வேலை போகும். யசுஜியும் கசுயாவும் அதில் இரண்டு பேர். இன்று விடிவதற்குள் போய் மடியை இழுத்தார்கள். கயிறு கனத்த விதத்திலேயே எல்லாருக்கும் புரிந்தது. மேலே வந்ததும் தண்ணீரே தெரியாதபடி பாரையின் முதுகுகள். கசுயா சின்னப்பிள்ளையாகச் சிரித்தான். அப்புறம் அந்த முதுகுகளுக்கு நடுவே குட்டையான, கருப்பான வேறு முதுகுகள் ஓடுவதைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

சூரைக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் கைவலையால் கோரி வெளியே விடலாம் என்றார் யசுஜி. அதற்குள் தூண்டில் படகுகள் வந்துவிட்டன, ஆறு படகு. தடையில் கட்டிக்கிடந்த படகுகள் விடியற்காலையில் எதற்குக் கிளம்பின என்று கேட்க வேண்டியதில்லை. காவலுக்கு வந்திருந்தார்கள். இசாவோவின் படகு முன்னால் நின்றது.

"கோர வேண்டாம், சம்பந்தி. மடிய எறக்குங்க."

"குட்டிய மட்டும் எடுத்து விட்டுர்றோம். பாரைக்கு ஏது தடை?"

"நெரிசல்ல அது நிமிஷத்துல செத்துப்போவும். செத்ததும் கணக்குலதான் ஏறும். ஒருதடவ எங்க வயித்துல அடிச்சீங்க, சும்மா இருந்தோம். இன்னொருதடவ இருக்க மாட்டோம்."

கசுயா அப்பாவைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான், பிறகு கையிலிருந்த கயிற்றைப் பார்த்தான். இரண்டு குட்டிகள் ஏற்கனவே வெள்ளை வயிறு தெரியத் திரும்பியிருந்தன. இசாவோ சொன்னதில் பொய் இல்லை. அதுதான் யசுஜிக்குத் தாங்கவில்லை.

"கடல்பக்கமா எறக்குங்க. கரைப்பக்கம்னா திரும்பவும் வலைக்குள்ளதான் வரும்" என்றான் இசாவோ. அதுவும் சரிதான். யசுஜி கையைக் காட்டினார். மிதப்புக் கயிறு தாழ்ந்தது. இரண்டு வருஷம் காத்திருந்த மீன் ஒரு திரும்பலில் வெளியே போனது. வலை லேசாகி மேலே எழும்பியது.

அப்போதுதான் படகு இன்ஜின்கள் உறுமுவது கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், சுற்றி நின்ற ஆறு படகும் கடல்பக்கம் போய் வரிசை கட்டியிருந்தன. தூண்டில்கள் தண்ணீரில் இருந்தன. பாரைக்கு ஒதுக்கீடு கிடையாது. வலையை விட்டு ஒரு முழம் தாண்டிய மீன் யாருடைய மீனும் இல்லை. சட்டத்தில் அதற்குப் பெயர்கூடக் கிடையாது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஊரில் அதற்குப் பெயர் உண்டு. தப்பித்த வெறியில் பெரும்பாலான மீன்கள் இரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. சில மட்டும் கடித்தன. முதலில் தூக்கியவன் இசாவோ. தூக்கியதும் மற்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். அவன் கத்தவில்லை. வலைப்படகின் பக்கம் திரும்பவும் இல்லை.

இப்போது அந்த மீன் பலகையின் மேல் கிடந்தது. யசுஜி கத்தியை எடுத்தார். இந்த வேலையைத் தமாயோதான் செய்வாள். அவரே வந்து நின்றதும் அவள் ஒதுங்கினாள். செவுளுக்குப் பின்னால் வெட்டித் தலையை எடுத்து, முள்ளங்கியோடு வேகவைப்பதற்காகச் சட்டியில் போட்டார். குடலை எடுத்தார். முதுகு முள்ளை ஒட்டிக் கத்தியை வால்வரை ஓட்டி ஒரு பக்கச் சதையை எடுத்தார். வழக்கப்படி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். முள்ளோடு ஒரு பாதி வீட்டுக்கு, முள்ளில்லாத பாதி பெட்டிக்கு. அவர் மீனைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் எடுத்தார். கத்தி நிதானமாகவே போனது. மிச்சம் இருந்தது முள்ளும் வாலும். அதைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்றாள் தமாயோ.

"காலைல அவன் எனக்கு விட்டுவெச்சது இதான். அதையே திருப்பி அனுப்புறேன்."

தமாயோ, ஊர் சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும் என்றார். கசுயா வலைக்கொட்டகையிலிருந்து வரட்டும், அவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று கெஞ்சிப் பார்த்தாள். யாரையும் கேட்கத் தேவையில்லை என்றார். சொல்லச் சொல்ல அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அக்டோபரிலிருந்து ஒரு நாளும் இப்படிக் குளிர்ந்ததில்லை. இசாவோ மூடியைத் திறக்கும் நேரத்தையும் அவன் முகத்தையும் நினைத்துப் பார்த்தார். கொஹாரு அங்கேயே நிற்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அவள் பெட்டிக்குள் பார்த்தாள். மூன்று மாதமாக இந்த வீட்டில் அதிகம் பேசாத பெண். சண்டை வந்தபிறகு இன்னும் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"கடைல வாங்கி அனுப்ப அப்பாவுக்கு இந்த வருஷம் வழியில்ல, மாமா. சீரு இல்லாம விட்டா நான் இந்த வீட்ல எப்படி நிமிந்து நிப்பேன்னு அம்மாகிட்ட அழுதாராம்."

யசுஜி கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டார்.

"இத நான்தான் தூக்கிட்டுப் போகணும்" என்றாள் கொஹாரு.

"உங்கப்பனுக்குத்தானே போவுது."

அவள் முள்ளின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினாள். மூடியைப் போட்டு, கயிற்றை எடுத்து, இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டாள். ரப்பர் காலணியை மாட்டினாள். பெட்டியை ஒரு கையால் தூக்கினாள். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் தமாயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

யசுஜி ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். ஆலங்கட்டி நின்றிருந்தது. கீழே படகுத்துறையில் கட்டிக்கிடந்த படகுகளின் ஓரமாகத் தூண்டில்காரர்கள் நின்று கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். காலையில் வரிசை கட்டிய அதே ஆறு பேரில் நாலு பேர். பெட்டியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். பெண் நடக்கிற நடையிலேயே பெட்டிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆட்கள்.

வீட்டுச் சந்தில் கொஹாரு ஒரு கணம் நின்றாள். திரும்பி வந்துவிடுவாளோ என்று நினைத்தார், வந்தால் தேவலை என்றும் நினைத்தார். அவருக்கு முகம் எரிந்தது. அவள் பெட்டியை இரண்டு கைக்கும் மாற்றினாள். நெஞ்சோடு அணைத்து, முதுகைப் பின்னால் சாய்த்து, காலை அகட்டி வைத்து, எடை தாங்காதவளாகத் துறைக்குள் இறங்கினாள். பாதி வழியில் நின்று, முழங்காலால் பெட்டியை ஒரு உந்து உந்தி மேலே ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். தூண்டில்காரர்களில் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொள்ள முன்னால் வந்தான். அவள் சிரித்தபடி தலையை ஆட்டினாள், பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டாள், அவனைத் தாண்டி மெதுவாக, மிக மெதுவாக, தன் அப்பா வீட்டுப் பக்கம் நடந்தாள்.