கண்டக்டரக்காவின் முறுமுறுப்பு

மழைக்காலம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆலயத்துக்குள் நுழைந்தவர்களின் குணக்கேடுகள் வாசலிலேயே கழன்று விழுந்தன. வலி ஒன்றும் இல்லை. சட்டைப் பொத்தான் அறுந்து விழுவது போல ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். முகப்பில் ஈரக் குடைகளை வைக்கும் நீளப் பலகையின் மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள். பிசைந்து மூடி வைத்த மாவு போல, சாம்பல் நிறத்தில், லேசான சூட்டோடு இருந்தன. எது பொறாமை, எது பெருமை, எது புறணி என்று பார்வைக்குத் தெரியாது. அளவுதான் வேறு வேறு. முதல் வாரம் சபையார் கொஞ்சம் பதறினார்கள். அடுத்த வாரம் பலகையில் இடம் போதவில்லை என்று தச்சரை அழைத்து இன்னொன்று அடித்துக்கொண்டார்கள். குடைகள் தரைக்குப் போயின.

உள்ளே ஆராதனை அதற்குமுன் இல்லாத இனிமையோடு நடந்தது. அடுத்தவர் உடையை விலை போட்டுப் பார்க்கும் மருந்துக்கடைக்காரர் மனைவி அன்றைக்குப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். போதகர் தன் பிரசங்கத்தைத் தானே ரசிக்காமல் சீக்கிரம் முடித்தார். சங்கடமெல்லாம் வெளியே வரும்போதுதான். விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். கடிகாரம் பழுது பார்ப்பவர் அப்படித்தான் வெறுங்கையோடு போனார். அவர் மனைவிக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, கதவைத் திறக்க மறுத்துவிட்டாள். பாவம், மழையில் திரும்பி வந்து கையில் கிடைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். ஆக, எல்லோரும் எதையாவது எடுத்தே ஆக வேண்டும். எதை எடுப்பது? அதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. இருப்பதிலேயே சின்னது எதுவோ அதுதான் தன்னுடையது என்று ஒவ்வொருவரும் மனதார நம்பினார்கள். முந்தி வந்தவர் சின்னதை எடுத்தார், பிந்தி வந்தவருக்குப் பெரியது. அவரவர் முதுகு அவரவருக்குத் தெரியாது. அந்த வாரம் முழுக்க, தான் மாறிவிட்டதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் மாறிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சபையில் மிகப் பெரிய குணக்கேடு யாருடையது என்பதில் ஊருக்கே ஒரே கருத்து: நகரப் பேருந்தில் கண்டக்டராக இருக்கும் அக்காவுடையது. படியில் நிற்பவர்களை உள்ளே போங்க, உள்ளே போங்க என்று விரட்டி விரட்டிக் கரகரத்துப் போன குரல் அவளுக்கு. முறுமுறுப்புக்கு இன்னொரு பெயர் அவள் என்பார்கள். போதகர் முறுமுறுப்பின் பாவத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தலைகள் தாமாகவே கடைசிப் பெஞ்சுக்குத் திரும்பும். அவள் முறுமுறுத்ததெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான்: ஆலயத்தின் வாசற்படிகள்.

அவளுடைய ஒரே மகள், கடைத்தெருவில் கைபேசி பழுது பார்ப்பவள், நடக்க வராதவள். அவளையும் சக்கர நாற்காலியையும் நான்கு ஆண்கள் அலமாரியைத் தூக்குவது போலத் தூக்கி, அந்தப் படிகளில் ஏற்றி இறக்குவது வழக்கமாக இருந்தது. ஒரு நாள் மேல்படியில் ஒருவருக்கு போன் வந்தது. எடுத்தார். பெண் விழுந்தாள், தோள் எலும்பு முறிந்தது. அப்போதும் அவள் அழவில்லை. எலும்பு கூடியதும் ஒன்றே ஒன்று சொன்னாள்: இனி யார் கையும் தன் மேல் படக்கூடாது, தன் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போகும் நாளில்தான் உள்ளே போவாள். அதுவரை ஞாயிறுதோறும் படிகளுக்குக் கீழே குடை பிடித்தபடி இருந்து, திறந்த கதவு வழியாகப் பாடகர் குழுவோடு தணிந்த குரலில் பாடினாள். அம்மா மகளைப் பார்க்கத் தோதாகக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரை மடக்கிப் படிகளைப் பற்றிக் கேட்பாள். அவர் எதற்கும் ஸ்தோத்திரம் சொல்லும் மனிதர். “ஆகட்டும்மா, ஜெபிப்போம்” என்பார். சொல்லிவிட்டு மறந்துபோவார். வருடங்கள் போயின.

குணங்கள் கழன்ற அந்த முதல் ஞாயிறு, கைகுலுக்கி வழியனுப்புவதற்காக எப்போதும் போல முதலில் வெளியே வந்தவர் செயலாளர். பலகையில் இருந்ததிலேயே சின்ன உருண்டையை, இதிலென்ன ஆச்சரியம் என்ற முகத்தோடு எடுத்து நெஞ்சோடு அணைத்தார். அணைத்தால் உள்ளே போய்விடும். சின்னதாக இருந்தாலும் அது படிக்கல் கனம் கனத்தது. எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக வந்த கண்டக்டரக்காவுக்குப் பலகையை அடைத்துக்கொண்டு கிடந்த ஒரே ஒரு பெரிய பொதிதான் மிச்சம். “உங்களோடதுதான் அக்கா, வேற யாருக்கு இவ்வளவு இருக்கும்?” என்று மருந்துக்கடைக்காரர் மனைவி சிரித்தாள். அக்காவும் அதை நம்பினாள். ஊரே சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? வீட்டுக்குப் போனதும் அவள் முகத்தில் ஒரு புன்னகை ஒட்டிக்கொண்டது. படிகளைப் பற்றி மகள் எடுத்தபோது, “ஆகட்டும்டி, ஜெபிப்போம்” என்றாள்.

மகள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். “அம்மா, அப்படிச் சிரிக்காத. எனக்கு பயமா இருக்கு.”

செயலாளருக்கோ அன்று முதல் தூக்கம் போயிற்று. காபி ஆறிவிட்டது, கதவு கிறீச்சிடுகிறது, மைக் இரைகிறது என்று எதற்கெடுத்தாலும் முறுமுறுத்தார். சபைக் குழுக் கூட்டத்தில் மேசையைத் தட்டி, “அந்தப் பொண்ணு மழையில உக்காந்திருக்கு, நாம உள்ள உக்காந்து பாடிட்டிருக்கோம், வெக்கமா இல்ல?” என்று கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை அக்கா வருடக்கணக்காகச் சொன்னதுதான். ஆனால் மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். அவள் வாயில் முறுமுறுப்பாக இருந்தது அவர் வாயில் தொலைநோக்கு ஆயிற்று. கைதட்டினார்கள். கொத்தனார் வந்தார். மழை இடைவெளிகளில் படிகளின் ஓரமாகச் சிமெண்டுச் சரிவு ஒன்று எழுந்தது.

திறப்பு நாளில் வாசலில் கூட்டம். மகள் நாற்காலியைச் சரிவின் அடியில் கொண்டுவந்து நிறுத்தி, அண்ணாந்து பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு உருட்டினாள். பாதிக்கு மேல் சக்கரம் ஏறவில்லை. இருந்த இடத்துக்குள் அடக்கிக் கட்டிய சரிவு அது, கூரை போலச் செங்குத்தாக நின்றது. கட்டச் சொன்னவர் வாழ்க்கையில் ஒரு நாளும் சக்கர நாற்காலியைத் தள்ளியவர் இல்லை. தூக்கிப் பழகிய நால்வரும் ஓடி வந்தார்கள். “யாரும் கை வைக்காதீங்க!” என்று கத்திவிட்டு, அவள் பின்னோக்கியே உருண்டு தரைக்கு வந்தாள். கொடுத்தாலும் குறை சொல்கிற குடும்பம் என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா புன்னகையோடு, “அழகாத்தான் கட்டியிருக்காங்க. மெல்லப் பழகிடும், ஆகட்டும்” என்றாள். எலும்பு முறிந்தபோது அழாத பெண் அப்போது அழுதாள்.

அக்கா படியேறி உள்ளே போனாள். இத்தனை வாரம் அவள் சுமந்த செயலாளரின் பொதி வாசலில் கழன்று தொப்பென்று விழுந்தது. கடைசிப் பெஞ்சில் அவள் எந்தக் குறையும் இல்லாத மனுஷியாக உட்கார்ந்திருந்தாள். முன்னால் சரிவுக்காக நன்றி ஜெபம் நடந்துகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே, கட்டி முடித்த சரிவின் அடியில், மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குறையில்லாதவளுக்குக் கோபம் வரவில்லை, ஆனால் கண் தெரிந்தது. வெளியே மகள், உள்ளே தான், நடுவில் இத்தனை நிம்மதி. இது தன்னுடைய நிம்மதி இல்லை என்று புரிந்தது. ஆசீர்வாதம் முடியுமுன்பே அவள் எழுந்து முகப்புக்குப் போனாள்.

“அம்மா, அந்தச் சின்னது!” கீழேயிருந்து மகள் கூவினாள். “முதல் வாரத்துலேருந்து அவர்தான் எடுத்துட்டுப் போறாரு, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அது உன்னோடதுன்னு இப்பத்தான் புரியுது!” வாசலைத் தாண்டாததால் அந்தச் சபையிலேயே தன் குணம் கழலாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அம்மா சின்ன உருண்டையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கனம் அவள் கைக்குத் தெரிந்த கனம்.

செயலாளர் பின்னாலேயே ஓடி வந்தார். இத்தனை வாரம் கிடைத்த கைதட்டல் லேசில் விடுகிறதா? “அது என்னோடதும்மா. வாரா வாரம் நான்தானே எடுத்துட்டுப் போறேன்.”

“உக்காந்துட்டா சீட்டு சொந்தமாயிடுமா சார்? எந்திரிங்க.”

போதகர் சமாதானத்துக்கு வந்தார். “சரிவுதான் கட்டியாச்சேம்மா. இனிமே இது எதுக்கு? இங்கேயே விட்டுட்டு நிம்மதியா இருங்களேன்.”

“இருந்துதான் பாத்தேனே ஐயா. நிம்மதி எனக்கு, மழை அவளுக்கா?”

சொல்லிக்கொண்டே நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். முகத்தில் ஒட்டியிருந்த புன்னகை உதிர்ந்தது. திரும்பிச் சரிவைப் பார்த்தவள், யார் அளந்தது, யார் ஏறிப் பார்த்தது, மேலே நாற்காலி திரும்ப இடம் எங்கே, நிலைப்படி அப்படியே நிற்கிறதே என்று ஆரம்பித்தாள். படிகளின் கீழே மகள் சிரித்தாள். செயலாளருக்கு அவருடைய பொதியை இருவர் பிடித்துத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அணைத்த மறுநொடியே அவர் முகம் மலர்ந்தது. ரொம்ப சந்தோஷம்மா, ஆகட்டும், ஸ்தோத்திரம் என்றார்.

அடுத்த ஞாயிறு வாசலில் அவளுடையது கழன்று விழுந்தபோது, அதுவரை ஒருவரும் செய்யாததை அக்கா செய்தாள். குனிந்து எடுத்து, இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள். கடைசிப் பெஞ்சில் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். போதகர் முறுமுறுப்பைப் பற்றித் தொடங்கியபோது எழுந்து நின்று, “அழுத பிள்ளைதான் ஐயா பால் குடிக்கும்” என்றாள். போதகர் அன்றைக்கு வேறு தலைப்பில் பேசினார். குழுக் கூட்டத்திலும் கல்யாண வீட்டிலும் அவள் சரிவைப் பற்றியே பேசினாள். கொத்தனார் அவளுடைய பேருந்தில் போகிறவர். முன்வாசலில் ஏறினாலும் பின்வாசலில் ஏறினாலும் அவர் இறங்கும் நிறுத்தம்வரை அந்தக் கரகரத்த குரல் கூடவே வந்தது. கடைசியில், யாரும் சொல்லாமலே, ஒரு நாள் சம்மட்டியோடு வந்து தான் கட்டியதைத் தானே இடித்தார். கட்டடத்தின் பக்கவாட்டைச் சுற்றி வருகிற மாதிரி நீளமாக, தாழ்வாக, திரும்புமிடத்தில் அகலமாக வேறொன்று கட்டினார். ஒவ்வொரு கட்டத்திலும் மகளை வரவழைத்து உருட்டிப் பார்க்கச் சொன்னார். நிலைப்படியையும் செதுக்கி எடுத்தார்.

அது காய்ந்த வாரம் மகள் உள்ளே வந்தாள். யாரும் தள்ளவில்லை. தூக்கிப் பழகிய நால்வரும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள். அக்கா பின்னால் நடந்து வந்தாள், நாற்காலியைத் தொடவில்லை, கண் கலங்கியிருந்தது. வாசலைத் தாண்டும்போது மகளுடைய முன்கோபம் முதல் முறையாகக் கழன்று அவள் மடியிலேயே விழுந்தது. வரவேற்புக்கு நின்ற பெண் அதை வாங்கிப் பலகையில் வைக்கக் கை நீட்டினாள். “வேண்டாங்க, இருக்கட்டும்” என்று மகள் முழங்கால்களுக்கு நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் சக்கரங்களை உருட்டி, நடுவழியே பாடகர் குழுவரை போனாள். பாட்டு எப்போதும் போலக் குழுத் தலைவரின் குரலுக்கு ஏற்ற உயரத்தில் தொடங்கியது. முதல் அடி முடியுமுன்பே அவள் கையைத் தூக்கினாள். “ரொம்ப மேல போகுது. அவர் ஒருத்தருக்குத்தான் எட்டுது. இறக்குங்க.”

ஆர்கன் வாசிப்பவர் தலைவரைப் பார்த்தார். தலைவரின் பெருமை வெளியே பலகையில் இருந்ததால் அவர் சரி என்றார். சுருதியை இறக்கி மறுபடி தொடங்கினார்கள். கடைசிப் பெஞ்சுவரை எல்லோராலும் பாட முடிந்தது.

இப்போது வேறு சிலரும் தங்களுடையதைக் கையோடு உள்ளே எடுத்து வருகிறார்கள். கால் நீட்ட இடம் போதவில்லை என்று புகார் வந்ததால், பெஞ்சுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.