ஸ்பூன் போதும்

பன்றிக்கறியை நேற்றே ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்தாகிவிட்டது, இனி அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியுமா, அதுவும் எலும்போடு இருக்கிற தடித்தடித் துண்டு... இதெல்லாம் ரஸ்ஸுக்கு எங்கே புரியப்போகிறது, காலையில் கார் சாவியைத் தேடிக்கொண்டே, இன்னிக்கு அந்த சீஸ் நூடுல்ஸ் பண்ணேன் நோரீன், பசங்களுக்கு அதுதான் பிடிக்குது, என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சாப்பாட்டைப் பற்றி இவர் எப்போது வாய் திறந்திருக்கிறார்? வைத்ததைச் சாப்பிடுவார், உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஆட்ட வீடியோவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார். போன வியாழனும் இதையேதான் கேட்டார், அப்போது குழையக் குழையச் செய்தாள், அந்த மூலை பெயர்ந்த நீல எனாமல் பாத்திரத்தில், கல்யாணத்துக்கு மிசஸ் ஹால்வர்சன் கொடுத்த பாத்திரம், ரஸ் கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிய காலத்தில் அவருக்கு கோச்சாக இருந்தவரின் மனைவி. கொடுக்கும்போது வியாழக்கிழமை என்று என்னவோ சொன்னாள் அந்த அம்மாள், பேண்டு சத்தத்தில் பாதி கேட்கவில்லை. வாராவாரம் அதே நூடுல்ஸையா போடுவது? வியாழக்கிழமைதோறும் சாப்பிட வருகிற டீம் பையன்கள் ஐந்து பேர், வளர்கிற பிள்ளைகள், ஒவ்வொருவனும் ஒரு ஃப்ரிட்ஜ் அளவு இருக்கிறான், கறி கடித்துத் தின்னவேண்டாமா? கறிதான். முடிவு செய்தாகிவிட்டது. சோளமும் வெந்துகொண்டிருக்கிறது, செப்டம்பர் சோளம், இதைவிட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

அடுத்த வருஷம்... அடுத்த வருஷம் எந்த ஊரில் சோளம் வேகவைப்பாளோ. அதை நினைக்காதே என்று எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாயிற்று. ஜனவரியில் ரஸ் கோச்சாக இருக்கிற காலேஜ் டீமுக்குப் புது ஹெட் கோச் வந்தார், பாதிப் பேரைத் தன் ஆட்களாகக் கொண்டுவந்தார், ரஸ்ஸை மட்டும் விட்டுவைத்தார், முன்வரிசை உங்க பொறுப்பு ரஸ், மூணு நாலு மேட்ச் பார்ப்போம், என்றார் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். கான்சஸில் பார்த்திருக்கிறாள், டகோட்டாவில் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் ஒரு வாடகை லாரி வந்து வாசலில் நின்றிருக்கிறது. இந்த ஊருக்கு வந்த பிறகு, இதுதான் கடைசி என்று ரஸ் சத்தியம் செய்த பிறகு, கோடையில்தான் பேஸ்மென்ட்டில் மடித்து வைத்திருந்த அட்டைப்பெட்டிகளை எல்லாம் தூக்கிக் குப்பைக்காரனிடம் கொடுத்தாள். நல்ல பெட்டிகள். சமையலறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தாள், அவளே ஏணி போட்டு, இடுப்பு ஒரு வாரம் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டு மேட்ச் ஆடி இரண்டும் போய்விட்டது, அதுவும் எப்படி, ஆட்டம் தோற்றது என்று யாரும் சொல்லவில்லை, லைன் தோற்றது, ரஸ்ஸின் முன்வரிசை தோற்றது என்கிறார்கள். ரேடியோவைத் திறந்தால் அதுதான், பெட்ரோல் பங்கில் அதுதான், சர்ச்சில் காப்பி குடிக்கிற இடத்தில்கூட, உங்க வீட்டுக்காரர் லைன் என்னாச்சும்மா, என்று துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்கிறார்கள்.

மற்ற நாளில் அந்த ஐந்து பேரை யார் பார்க்கிறார்கள்? பந்து போகிற பக்கம்தான் ஊர்க் கண் போகும். முன்னால் ஐந்து பேர் குனிந்து நிற்கிறார்களே, எதிராளி பாய்ந்துவந்து, பின்னால் நின்று பந்தை வாங்கி வீசுகிற குவார்ட்டர்பேக் பையனைத் தரையில் அடிக்காமல் நெஞ்சைக் கொடுத்துத் தடுக்கிறார்களே, அவர்கள் சரியாக ஆடினால் பேர் தெரியாது, தப்பு பண்ணினால்தான் ஒலிபெருக்கியில் நம்பர் சொல்வான். இத்தனை வருஷத்தில் அவளுக்குப் பந்தைப் பார்க்கவே வராது, கண் தானாக அந்த ஐந்து முதுகுக்குத்தான் போகும். போன சனிக்கிழமை நடுவாளுக்கு இடப்பக்கம் நிற்கிற இடது கார்டு ஆன்ட்வான் நம்பரை ஒலிபெருக்கிக்காரன் எத்தனை தடவை சொன்னான், பந்து கிளம்புமுன்னே அசைந்துவிட்டான், மஞ்சள் கொடி, ஐந்து கெஜம் பின்னால் போ, மறுபடி அசைந்துவிட்டான், மறுபடி கொடி. கூட்டம் ஊளையிட்டது. பந்தை நடுவில் நின்று கால் இடுக்கு வழியாகப் பின்னால் எறிகிறவன் கோல்பி, சென்டர், நாலாம் வருஷப் பையன், கண்ணை மூடிக்கொண்டு எறிந்தாலும் நெஞ்சுக்கு நேரே வரும் என்பார்கள், அவன் எறிந்ததே இரண்டு தடவை முழங்காலுக்குக் கீழே தரையில் உருண்டது, குவார்ட்டர்பேக் பொறுக்கக் குனிந்தான், குனிந்தவன்மேல் இரண்டு பேர் விழுந்தார்கள். எழுந்தபோது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான், அவனுடைய அம்மா நாலு வரிசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், எழுந்து நின்றுவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் காரில், ஆன்ட்வானுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். அவசரக்காரன், என்றார். ஆன்ட்வானா அவசரக்காரன்? இரண்டு வருஷமாக இதே வீட்டில் சாப்பிடுகிறான், எல்லோருக்கும் பரிமாறி முடிக்கும்வரை ஃபோர்க்கைத் தொடாத பிள்ளை...

வந்துவிட்டார்கள். வாசலில் ஐந்து ஜோடி ஷூ, ஒவ்வொன்றும் ஒரு படகு. ஆன்ட்வான்தான் முதலில், சமையலறைக்குள் தலையை நீட்டி, மிசஸ் டி, என் பேரை ரேடியோல ரொம்ப சொல்றாங்க, நீங்கதான் போன் பண்ணிச் சொல்லச் சொன்னீங்களா, என்றான். சிகாகோ வாய். ஆமாண்டா, நல்லா சாப்பிடுறவன்னு சொல்லச் சொன்னேன், அவங்க மாத்திச் சொல்றாங்க, என்றாள். சிரித்தார்கள். ரஸ் சிரிக்கவில்லை, மேசையில் இருந்த கறித்தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தண்ணீர் ஜாடியை எடுக்கப் போனார். கோபமா? ஒரு நூடுல்ஸுக்கா? அவளுக்கு அலுப்பாக இருந்தது, காலையிலிருந்து நிற்கிற கால், இந்த மனிதருடைய முகத்தையும் படித்துக்கொண்டிருக்க வேண்டுமா. உட்காருங்கப்பா, ஆறிடப்போகுது, என்றாள். உட்கார்ந்தார்கள். இந்தப் பையன்களிடம் ஒரு வேடிக்கை, யாரும் சொல்லித்தர மாட்டார்கள், எந்த ஊர் லைனாக இருந்தாலும் சரி, மேசையில் மைதானத்து வரிசைப்படியேதான் உட்காருவார்கள், நடுவில் சென்டர், அவனுக்கு இடப்பக்கம் இடது கார்டு, வலப்பக்கம் வலது கார்டு, சினிமாவுக்குப் போனாலும் அப்படித்தானாம். புதுசாக வந்தவன் இடம் மாறி உட்கார்ந்தால் காது திருகி எழுப்புவார்கள். அதனால்தான் வெண்ணெயைக் கொண்டுவந்து வைத்தவளுக்கு என்னவோ இடறியது, எதுவென்று உடனே பிடிபடவில்லை, சுவரில் படம் கோணலாகத் தொங்குகிற மாதிரி... ஆன்ட்வான் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கோல்பிக்கு வலப்பக்கம். தன் அகல உடம்பை வைத்து அந்தப் பக்கத்தையே அடைத்துக்கொண்டு. யாரும் அவன் காதைத் திருகவில்லை.

சோளத்தட்டு சுற்றி வந்தது, கோல்பி ஒன்று எடுத்து வைத்துக்கொண்டான், தொடவில்லை. கோல்பி! சோள வயலுக்கு நடுவில் பிறந்தவன், அவன் அப்பா லாரி நிறையக் கொண்டுவந்து டீமுக்கே கொடுத்தவர், போன வருஷம் இதே மேசையில் உட்கார்ந்து ஆறு கதிரை மாடு மாதிரி வரிசையாகக் கடித்துத் தள்ளினவன். வெண்ணெய் உருகி வழிந்து ஆறிக்கொண்டிருந்தது. சோளக்கதிரை ஒற்றைக் கையால் தின்ன முடியாது. இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை, அதன்பிறகு கண் அங்கேயேதான் நின்றது. இடது கையில் ஃபோர்க். வலது கை மேசைக்குக் கீழே. உருளைக்கிழங்கு மசியல், இடது கை. தண்ணீர், இடது கை. அப்போது ஆன்ட்வான் பேச்சோடு பேச்சாக, என்னடா இது, கறி வெட்டுறதா விறகு பிளக்கிறதா, பன்னி வளர்க்கிற வீட்டுப் பையனுக்கு இதுகூட தெரியல, கொண்டா, என்று அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து எலும்பிலிருந்து கறியைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் திரும்பத் தள்ளினான், கோல்பி காது சிவக்கக் குனிந்து ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துச் சாப்பிட்டான். மேசையில் யாரும் கேலி செய்யவில்லை. இந்த ஐந்து பேரில் ஒருவனுக்குக் கறி வெட்டிக்கொடுத்தால் மற்றவர்கள் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்களே, பாப்பா மாதிரி கழுத்துல பிப் கட்டிவிடவா என்பார்களே, அத்தனை பேரும் தங்கள் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். ரொட்டி எடுக்க அந்தக் கை ஒருமுறை மேலே வந்தது. கட்டைவிரல் அடியில் கத்தரிக்காய் நிறம். அதைச் சுற்றித் தோல் நிறத்தில் நாடா, யார் கண்ணிலும் படக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சுற்றியது, பிள்ளைகள் சுற்றியது இல்லை, கைதேர்ந்தவர் சுற்றியது.

அப்படியென்றால்... அந்த விரலால் பந்தைப் பிடிக்க ஒரு நொடி தயங்குவான் இல்லையா, வலி வருமென்று உடம்புக்குத் தெரியுமே, எண்ணிச் சொன்ன நேரத்துக்குப் பந்து கிளம்பாது, பக்கத்தில் இருக்கிறவன் சரியான நேரத்துக்குத்தான் அசைகிறான், பந்து இன்னும் தரையில் இருக்கிறது, கொடி விழுகிறது. யார் நம்பர்? ஆன்ட்வான் நம்பர். ஊரே அவனை ஊளையிடுகிறது, அவன் வந்து ரேடியோக்காரனைக் கிண்டல் பண்ணுகிறான். ஐந்து பேருக்கும் தெரியும். மேசையில் தெரியாதவர்கள் அவளும் ரஸ்ஸும்தான். ஐந்து பேருக்குத் தெரிந்தால் போதுமா, சொல்லவேண்டாமா, அந்தக் குவார்ட்டர்பேக் பையனுடைய தோள், நாலு வரிசைக்கு முன்னால் எழுந்து நின்ற அவன் அம்மா, இதோ இந்தப் பிள்ளையின் விரல்... ரஸ்ஸிடம் இன்றைக்கே சொல்லிவிடவேண்டும். சொன்னால் என்ன ஆகும்? கோல்பியை உட்காரவைப்பார்கள், அவனுக்குப் பதில் நிற்க ஆள் கிடையாது, முதலாண்டுக் குழந்தை ஒன்று இருக்கிறது, சனிக்கிழமை அந்தக் குழந்தையை எதிராளி மென்று துப்பிவிடுவான், மூன்று மேட்ச் ஆகிவிடும், ஹெட் கோச் சிரிப்பார். நல்ல பெட்டிகள், ஒன்றுகூட இல்லை இப்போது. ஆனாலும் சொல்லவேண்டும். ரஸ் நியாயமான மனிதர், தெரிந்தால் ஒரு நிமிஷம் பொறுக்கமாட்டார்...

போகும்போது கோல்பி இடது கையை நீட்டினான், பிறகு கை குலுக்காமல் கட்டிக்கொண்டான், நல்லா இருந்துச்சு மிசஸ் டி, என்றான். சோளத்தைத் தொடவே இல்லையே என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் கேட்டது வேறு, உங்கப்பா சனிக்கிழமை வர்றாரா? வர்றார், ரெண்டு பன்னிய வித்துட்டுத்தான் வருவேன்னாரு, என்று சிரித்தான், எல்லோரும் அந்தப் படகுகளை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள், தெருமுனை வரை ஆன்ட்வான் சத்தம் கேட்டது.

அவள் கழுவினாள், ரஸ் துடைத்தார். அதுதான் வழக்கம். கோல்பி தட்டிலிருந்த சோளத்தைக் குப்பையில் போடப்போனவள் போடாமல் மேடையில் வைத்தாள், இரண்டு பேருக்கும் நடுவில். ஒரு பல் படவில்லை.

"கோல்பி இன்னிக்கு சோளத்தைத் தொடல, ரஸ்."

ரஸ் தம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த தம்ளரையே. "பசி இருந்திருக்காது."

"கையில நாடா சுத்தியிருந்துச்சு."

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, யார் நிறுத்துவது என்று இரண்டு பேரும் காத்திருந்த மாதிரி. பிறகு அவர் குரல், சலித்த குரல், கோபம் இல்லை அதில், கெஞ்சலும் இல்லை, "அடுத்த வாரம் அந்த நூடுல்ஸே பண்ணிடு நோரீன்."

ஓ. அப்படியா. காலையில் சாவி தேடிக்கொண்டே சொன்னது. போன வியாழன் சொன்னது. கைதேர்ந்தவர் சுற்றிய நாடா. அவசரக்காரன் என்று ஆன்ட்வானைச் சொன்னது, அவளிடம்கூட, காரில், இருட்டில். அவளுக்கு ஆத்திரம் வரவேண்டும், வருமென்று காத்திருந்தாள், அலுப்புதான் வந்தது. அவர் கையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் மடங்காது, துணியை மற்ற நாலு விரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் துடைப்பார், தினமும் காலையில் காலர் பட்டனை அவள்தான் போட்டுவிடுகிறாள், இத்தனை வருஷமாக, கழுத்தை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி நிற்பார். பழைய சுளுக்கு, கடைசி வருஷம் ஆடும்போது வந்தது, என்பார், அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. அவரும் சென்டர்தானே. கடைசி வருஷம் முழுக்க ஆடினாரே, ஒரு மேட்ச் விடாமல், பெருமையாகச் சொல்வாரே, ஹால்வர்சன் கோச் என்னை ஒரு மேட்ச்கூட உட்கார வைக்கல என்று...

குனிந்து கீழ் அலமாரியைத் திறந்தாள். நீலப் பாத்திரம் அடியில் இருந்தது, மேலே இருந்ததையெல்லாம் நகர்த்தி இழுத்தாள். இப்ப எதுக்கு அது, என்றார் ரஸ். அவளுக்கே தெரியவில்லை, அடுத்த வியாழனுக்கு இன்னும் ஒரு வாரம் கிடக்கிறது. வெளியே கொண்டுபோய்ப் போடவா, கழுவி வைக்கவா? மூலையில் எனாமல் பெயர்ந்த இடத்தை விரலால் தடவினாள். பேண்டு சத்தம், தலைக்குமேல் காகிதப் பூ, அந்த அம்மாள் கன்னத்தோடு கன்னம் வைத்து, பாத்திரத்தை அவள் கையில் திணித்து... இவ்வளவு வருஷம் கழித்து அந்தப் பாதியும் இப்போது கேட்கிறது. வியாழக்கிழமைக்கு இது நல்லதும்மா, கத்தி வேணாம், ஸ்பூன் போதும். அப்படிச் சொல்லிவிட்டு மணமேசைப் பக்கம் திரும்பி ரஸ்ஸைப் பார்த்தாளே, பார்த்தாளா, ரஸ் அப்போது இடது கையால்தானே கேக் வெட்டினார்? வாசலுக்குப் போகிற கதவு திறந்துதான் இருந்தது, குழாயும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, நோரீன் பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.