எதிரில் வந்து உட்கார்கிறவன்

இப்போதெல்லாம் டீக்கடையில் நிற்கிறவன் யாரிடம் பேசுகிறான் என்றே தெரிவதில்லை. காதில் எதையோ செருகிக்கொண்டு காற்றைப் பார்த்துச் சிரிக்கிறான், கையை ஆட்டித் திட்டுகிறான். அவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. காதில் ஒன்றும் இல்லாமல் என் மகன் ஜீவானந்தம் பேசினால் மட்டும் ஜலகண்டாபுரமே தறியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கும்.

அவனுக்கு ஓர் ஆளின் குரல் கேட்கிறது. கிணற்றில் போய் விழு என்பதுதான் அதற்குத் தெரிந்த பேச்சு. ஒருமுறை விழுந்தே விட்டான். கயிறு போட்டுத் தூக்கினோம். அன்றிலிருந்து அவன் ஒதுங்கப் போனாலும் பின்னால் நான் நிற்பேன். மாத்திரையில் தூக்கம் வந்தது, குரல் போகவில்லை.

சூரமங்கலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நர்மதா, அந்தக் குரலுக்கு மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவனிடமே கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஓர் ஆளைச் செய்தார். நரைத்த மீசை, தடித்த புருவம், என் வயதுக்காரன். கண்ணை அடைக்கிற மாதிரி ஒரு பெட்டியை மகனுக்கு மாட்டினால் அந்த ஆள் எதிரில் வந்து உட்காருவான். பக்கத்து அறையில் டாக்டர் மைக்கில் பேசினால் அவன் வாய் அசையும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும். நடுவில் கண்ணாடி; வெளியே நிற்கிற எனக்கு மகனும் தெரிவான், டாக்டரும் தெரிவார், அவர் திரையில் அந்த ஆளும் தெரிவான்.

முதல் நாள் மைக்கில் அவரும் கிணற்றில் விழு என்றதைக் கேட்டதும் டாக்டரின் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

"ஏம்மா, அவங் காதுல ஒருத்தன் சாவச் சொல்றது பத்தாதுன்னு நீயும் சொல்றியா?"

"எதிர்த்துப் பேசிப் பழகட்டுங்க அய்யா. உங்க மகன் பேசப் பேச நான் கொஞ்சங் கொஞ்சமா அடங்கிப் போவேன்."

எங்கே பேசினான்? மூஞ்சி தெரிந்ததுமே எழுந்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பெரியவர்கள் எதிரில் எங்கள் பக்கம் அப்படித்தான். திட்டத் திட்ட "சரிங்க, சரிங்க" என்றான். வாராவாரம் இதே கூத்து.

"வயசான மூஞ்சியக் குடுத்தா எப்படிங்க எதிர்ப்பான்? சின்னப் பையன் மூஞ்சியாப் போடுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அந்தக் குரல் வயசக் கொறச்சுக்கிட்டு வராதுங்களே."

இன்றைக்கும் எழுந்து நின்றான். "கெணறு அங்கதான் இருக்குது. எதுக்குடா நிக்கற?" என்றார் டாக்டர். நான் கதவில் கை வைத்தேன். அவன் குனிந்து லுங்கி நுனியைத் தேடி எடுத்தான். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டினான். உட்கார்ந்தான். கால் மேல் கால் போட்டான்.

"நீ வேணாப் போயி கெணத்துல உழு. நா வர்ல."

"சரி, போறேன்" என்றது அந்த வாய். டாக்டரின் கழுத்தெல்லாம் வேர்வை.

அந்தம்மா நல்ல மனுஷி, போ என்றதும் போய்விட்டார். உள்ளே இருக்கிறவனும் அப்படிப் போவானா?

வெளியே வந்ததும் மகன் சொன்னான்: "நீங்க முன்னால போங்கப்பா. நான் முடி வெட்டிக்கிட்டு அடுத்த பஸ்ல வாரேன்."

"சொல்றது நீயா, அவனா?"

"நாந்தானுங்க."

"அவன் இப்பப் பேசறானா?"

கொஞ்ச நேரம் காது கொடுத்தான். "பேசறானுங்க. மெதுவா."

"என்னன்னு?"

"உங்கப்பன் நம்ப மாட்டான்னு."

போங்கள் என்று வாசலிலிருந்து டாக்டர் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஜலகண்டாபுரம் பஸ்ஸில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்றவனுக்காகப் பக்கத்து இடத்தில் துண்டைப் போட்டேன்.

"ஆளு வருதுங்களா?" என்றார் கண்டக்டர்.

"வரும்."

பஸ் கிளம்பிவிட்டது. கூட்டம் நெருக்கியது. துண்டை எடுக்கச் சொல்லி இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். நான் எடுக்கவில்லை.