தண்ணீர் வடியாத எட்டு ஏக்கர்

காவேரியின் அப்பா நிலத்தை விற்கப் போகிறார் என்று நான் கேள்விப்பட்டது தொழிற்சாலை கேன்டீனில், தட்டோடு வரிசையில் நிற்கும்போது.

"முழுசும்டீ அதியா. ரெண்டு ஏக்கராவும். வித்துட்டு அவரோட ஊர்ல, அவங்க நெலத்துக்குப் பக்கத்துலயே வாங்கப் போறாராம். இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமை புரோக்கர் அட்வான்ஸ் கொண்டாறான்" என்றாள் காவேரி.

'அவர்' என்றால் அண்ணாதுரை. லேத் பிரிவில் வேலை செய்கிறார், வேதாரண்யம் பக்கத்துக்காரர். காவேரிக்கும் அவருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தாகிவிட்டது. காவேரியும் நானும் ஒசூர் சிப்காட்டில் ஒரே மேஜையில் உட்கார்ந்து, உதிரிப் பாகங்களில் பழுது இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிறவர்கள். அவள் ஊர் பேரிகை. அவள் அப்பா நாராயணப்பனுக்கு அங்கே இரண்டு ஏக்கர் செம்மண்ணும் ஒரு கிணறும் உண்டு. வேறு எதுவும் கிடையாது.

"அண்ணாதுரை அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொல்லாம என்ன! எட்டு ஏக்கர் இருக்கு மாமா, ஆனா பாதி உப்பு, ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு தெளிவாத்தான் சொன்னாரு. எங்கப்பா என்கிட்ட வந்து, பையன் பெரிய எடம்போல, வாயே தொறக்க மாட்டேங்கறான்னு சந்தோசப்படுறாரு."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேரிகைப் பக்கம் நல்ல நிலம் வைத்திருக்கும் யாரும் அதை நல்ல நிலம் என்று சொல்வதில்லை. கிணறு ததும்பினாலும் "ஏதோ கொஞ்சம் ஈரம் இருக்குது" என்பார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. பக்கத்துக் காட்டுக்காரர் ஒரு பாய்ச்சல் தண்ணீர் கேட்டுவிடுவாரோ என்ற பயம் இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் சொத்தைத் தாழ்த்திப் பேசினால், அதை இரண்டு மடங்காக்கிக் கணக்கிட வேண்டும் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அண்ணாதுரை ஒன்றுக்கும் ஆகாது என்றே சொல்லிவிட்டார். நாராயணப்பன் எத்தனை மடங்காக்கினாரோ!

"நீ வந்து சொல்லுடீ. நீ வெளி ஆளு. உனக்கு அந்த நெலத்தால ஒரு லாபமும் கெடையாது. நீ சொன்னா நம்புவாரு."

நான் சொன்னால் யாராவது எதையாவது நம்புவார்களா என்பதே எனக்குச் சந்தேகம். இருந்தாலும் சரி என்றேன். எதையும் முறையாகச் செய்தால் தப்பு நேராது என்ற எண்ணம் எனக்கு உண்டு. வேலை முடிந்து நான் படிக்கிற மாலை வகுப்புக்குப் போகிற வழியில் அண்ணாதுரையை டீக்கடையில் பிடித்து, அவர் மண்ணின் குறைகளை எல்லாம் கேட்டேன். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் வைப்பது என்று வகுப்பு முழுக்க அதே யோசனை. அன்றைக்கு அங்கே என்ன நடத்தினார்கள் என்று தெரியாது.

எங்கள் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. காவேரியோடு பஸ் ஏறிப் பேரிகைக்குப் போனேன். நாராயணப்பன் வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணாதுரை நெலத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அந்த மண்ணுல உப்பு இருக்குது" என்று ஆரம்பித்தேன்.

"இருக்கட்டும்மா. மாட்டுக்கு உப்புன்னா உசிரு."

"மழைக் காலத்துல தண்ணி நின்னுடும்பா. வடியவே வடியாது."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எவ்ளோ நாளு நிக்கும்?"

"மாசக் கணக்குல."

"ஏ லட்சுமி! கேட்டியா? மாசக் கணக்குல தண்ணி நிக்குதாம்!"

காவேரியின் அம்மா லட்சுமியம்மாள் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். அவர்கள் கிணற்றில் மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரம் தண்ணீர் வரும். பிறகு காற்றுதான் வரும். அந்த வீட்டில் போய்த் தண்ணீர் நிற்பதைக் குறையாகச் சொன்னது என் தப்பு. அதைக் கடைசியில் வைத்திருக்க வேண்டும். இல்லை, சொல்லாமலே விட்டிருக்க வேண்டும்.

"கல்லு உண்டா?" என்று அவர் கேட்டார்.

"கல்லு... கெடையாது."

பொய் சொல்ல வரவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் கல் முளைக்கிற காட்டுக்காரர் அவர். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அந்தச் செய்தியை ருசித்தார்.

"அது கெடக்கட்டும். அங்க இருக்கறவங்க என்னதான் பண்றாங்கோ?" என்று கேட்டார் லட்சுமியம்மாள்.

அண்ணாதுரை சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். கடலை ஒட்டிய பகுதியில் பாத்தி கட்டி உப்பு எடுப்பார்கள். உள்பக்கத்து வயலில் வரப்பை உயர்த்தி, ஐப்பசி மழையைத் தேக்கி, உப்பைக் கரைத்து வெளியேற்றிவிட்டு, உப்பைத் தாங்கும் நெல் ஒரு போகம் போடுவார்கள். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மணல் மேட்டில் சவுக்கு, வரப்பில் தென்னை, பள்ளத்தில் மீன்.

நாராயணப்பன் விரல் விட்டு எண்ணினார். "உப்பு, நெல்லு, சவுக்கு, தென்னை, மீனு. நம்ம காட்டுல என்னா? கேழ்வரகு. கெணத்தடியில நாலு தக்காளி. ஏம்மா அதியா, குறையச் சொல்ல வந்தியா, ஆசை காட்ட வந்தியா?"

பஸ்ஸில் திரும்பும்போது, பாகலூர் தாண்டிய பிறகு, "மீனை ஏன்டீ சொன்ன?" என்று காவேரி கேட்டாள்.

இனி பேச்சு உதவாது என்று அண்ணாதுரை முடிவு செய்தார். இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய், தன் வயலின் மேல் மண்ணைச் சுரண்டி ஒரு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு, பஸ் மாறிப் பஸ் மாறி நேரே பேரிகையில் கொண்டு போய் இறக்கினார். கோடையில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும் மண். பார்த்தாலே புரிந்துவிடும் என்று நம்பினார். ஆனால் அந்த மண் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். சாக்கைப் பிரித்தபோது வெள்ளை எல்லாம் மறைந்து, கருகருவென்று நீர் கோத்துக் கிடந்ததாம்.

"ராத்திரி பூரா பஸ்ஸுல வந்தும் ஈரம் காயலையே!" என்று நாராயணப்பன் ஒரு பிடி எடுத்து உருட்டிப் பார்த்திருக்கிறார். உருண்டை உடையவில்லை.

"மாமா, இதுல ஒண்ணும் வெளையாது மாமா. சத்தியமா."

"சரி மாப்ள, சரி. சாப்டு போ."

அண்ணாதுரைக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்து நடந்ததை வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். செம்மண் காட்டுக்காரர்கள் கோடையில் ஏரி வற்றியதும் அடியில் இருக்கும் கரிய வண்டலை வண்டி கட்டி அள்ளிவந்து நிலத்தில் கொட்டுவார்கள். அவர்களுக்குக் கறுப்பு மண் என்றாலே எரு. அந்த வருஷம் ஏரி வண்டலுக்குப் பெரிய அடிதடி. வீட்டு வாசலிலேயே ஒரு சாக்கு வந்து இறங்கினால் யார் விடுவார்கள்? நாராயணப்பன் அதை அள்ளி, லட்சுமியம்மாள் விட்டிருந்த தக்காளி நாற்றங்காலில் ஒரே சீராகத் தூவி, தண்ணீரும் தெளித்துவிட்டார்.

கடைசி வெள்ளிக்கிழமை காலையில் காவேரி, அண்ணாதுரை, நான் மூவரும் போய் இறங்கியபோது, லட்சுமியம்மாளின் குரல் பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது. நாற்றெல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல மடிந்து கிடந்தது. ஓரத்தில், மண் சரியாக விழாத இடத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை.

"மண்ணு மேல தப்பில்ல. சாக்கு உப்பு மூட்டை கட்டின சாக்கா இருக்கும்" என்றார் நாராயணப்பன்.

"புதுச் சாக்கு மாமா."

நாராயணப்பன் குனிந்து ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தார். துப்பினார். சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்து மறுபடியும் துப்பினார். பிறகு எங்கள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ஏன் மாப்ள, நெசமாவேவா சொன்ன?"

"நெசமாத்தான் மாமா."

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

காவேரி சிரித்தே விட்டாள். லட்சுமியம்மாள் சிரிக்கவில்லை. "சிரிப்பு அப்பறம் இருக்கட்டும். நாத்துக்கு வழி சொல்லுங்க" என்றார்.

அண்ணாதுரை பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினார். கறுப்பு மண்ணை மேலாகச் சுரண்டி நாங்கள் கூடையில் வாரிக் கொட்டினோம். மோட்டாரைப் போடச் சொல்லி, பாத்தி நிறைய நீரைக் கட்டினார். உப்பு கரைந்த பிறகு வெட்டிவிட வேண்டும் என்று வாய்க்காலுக்குக் கோடு கிழித்து, மண்வெட்டியோடு நிமிர்ந்தார். பாத்தியில் தண்ணீர் இல்லை.

"மாமா, தண்ணி எங்க?"

"எங்க போவும்? கீழதான். சல்லடை மண்ணு. எவ்ளோ ஊத்தினாலும் குடிச்சிட்டுக் கம்முனு இருக்கும். இதுக்குத்தானே தொலைச்சுடலாம்னு பாக்கறேன்."

அண்ணாதுரை மறுபடியும் நீரைக் கட்டினார். மறுபடியும் இறங்கியது. அவர் உட்கார்ந்து ஈர மண்ணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"உப்பையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு மாமா. எங்கப்பா வருஷா வருஷம் வடிகால் வெட்டுறாரு. வெட்டினா, ஓதத்துல கடல் அது வழியாவே உள்ள வந்துடும். அடைச்சா மழைத் தண்ணி நின்னுடும். இப்படி ஒரு மண்ணு கெடைச்சா அவரு விழுந்து கும்பிடுவாரு."

இந்தப் பையன் தாழ்த்திப் பேசுகிறானா உயர்த்திப் பேசுகிறானா என்று நாராயணப்பன் தராசில் வைத்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு தானே குனிந்து, மூன்றாம் முறை மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் இறங்குவதை, அதற்கு முன் பார்த்திராதவர்போல உட்கார்ந்து பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் புரோக்கர் ஆஞ்சப்பன் பைக்கில் வந்தார். ஜூஜுவாடிக்காரர், பெங்களூர் ஆள் ஒருவருக்குக் கோழிப்பண்ணை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மஞ்சள் பை.

"என்னா நாராயணப்பா, கல்லுக் காட்டுக்கு அபிஷேகமா? வா, கையெழுத்துப் போட்டுடலாம்."

"இன்னிக்கு முடியாதுப்பா."

"இன்னிக்குத்தானே சொன்ன?"

"நாத்து போயிடுச்சு. திரும்ப விடணும். வெதை வெச்சிட்டு எவனாவது நெலத்தை விப்பானா?"

"அப்போ அறுப்பு முடிஞ்சதும் வரட்டுமா?"

"வா. காபி குடிச்சிட்டுப் போ."

ஆஞ்சப்பன் காபி குடித்தார். பையை வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அறுப்பு முடிந்ததும் நாராயணப்பன் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கப் போவதில்லை, கல்லும் குறைந்திருக்காது. காவேரியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

லட்சுமியம்மாள் உள்ளே போய் மிச்ச விதையைக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பாத்தி. நான் வரிசை பிசகாமல், ஒவ்வொன்றாக விதையை வைத்துக்கொண்டு போனேன்.

"ஏம்மா, அதை ஊன்றியா, அடுக்கறியா? வெயில் ஏறுது. தூவிட்டு மண்ணைத் தள்ளு" என்றார் லட்சுமியம்மாள்.

தூவினேன். ஒரு பக்கம் கும்பலாக விழுந்தது. அதைச் சரிசெய்ய வேண்டும்போல இருந்தது. அதற்குள் நாராயணப்பன் மடையைத் திறந்துவிட்டார்.